அண்ணன் வீட்டுக்கு ஒரு சிபாரிசு

"எங்க அண்ணன் வீட்டு பிளான் உங்ககிட்ட வந்திருக்கு சார். அது விஷயமா ஒரு சிபாரிசு..."

கட்டட அனுமதி தரும் பொறியாளருக்கு முகம் சுருங்கியது. போன வருஷம் தன் வீட்டுக்காக இதே அறையில் கத்தித் தீர்த்தவள்தான் இவள்.

"வெள்ளம் வர்ற தெரும்மா. கீழ்த்தளத்துல படுக்கையறை கூடாது. உங்களுக்குச் சொன்னதுதான் அவருக்கும்."

"அன்னைக்கு நீங்க மசியல. தூண் எழுப்பி மேலே கட்டினோம். இந்த வருஷம் வந்த வெள்ளத்துல என் பிள்ளைங்க பிழைச்சது உங்க புண்ணியம் சார்."

"அப்புறம் எதுக்கு சிபாரிசு?"

"அண்ணனோட பழைய வீட்டுல, கீழ் ரூம்ல படுத்திருந்த அம்மாவைத்தான் காப்பாத்த முடியல. அம்மா நினைவா அதே ரூமை அப்படியே கட்டணும்னு ஒத்தைக் காலில் நிக்கிறான்."

கைகூப்பினாள்.

"அனுமதி கொடுத்துடாதீங்க சார். திட்டுவான், பொறுத்துக்குங்க. நானும் திட்டினவதானே!"