இரண்டு விசில்

குக்கர் ஆவி அடித்ததில் கண்டக்டர் செண்பகவல்லியின் வாயோரம் தழும்பு விழுந்து, ஒரு பக்க உதடு இழுத்துக்கொண்டது. விசிலை வாயில் வைத்தால் காற்று அந்த ஓரமாகக் கசிந்து புஸ்ஸென்று போய்விடும். எட்டு மாதமாக பஸ் ஏறவில்லை. டிப்போவில் மேசை வேலைதான். லேசர் சிகிச்சைக்கு விண்ணப்பித்தால், “அழகுக்காகச் செய்வதற்கு இன்சூரன்ஸ் கிடையாது” என்று பதில் வந்தது. அழகாம்! சண்டை போட்டு மறுபரிசோதனை வாங்கி, இன்று இன்சூரன்ஸ் கம்பெனி டாக்டரின் மாடி அறையில் விசிலும் கையுமாக நின்றாள்.

“ஊதிக் காட்டுங்கம்மா. சத்தம் வரலைன்னா எழுதித் தர்றேன்,” என்றார் டாக்டர். “பொதுவா எல்லாரும் அழகுக்குத்தான் வர்றாங்க.”

அழகு என்றதும் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. உதடு பிளந்தாலும் பிளக்கட்டும் என்று மூச்சை முட்ட இழுத்து, இரண்டு தடவை ஊதினாள்.

மேசைமேல் இருந்த டம்ளர் அதிர்ந்தது. கீழே ஸ்டாப்பில் நின்ற பஸ் சட்டென்று கிளம்பிவிட, அதன் கண்டக்டர் டீக்கடையிலிருந்து கிளாஸோடு பின்னால் ஓடினார்.

ஜன்னலில் எட்டிப் பார்த்த டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “போச்சேம்மா உங்க கிளெய்ம்!”

“போனாப் போகுது சார்!” தழும்பு இழுக்க இழுக்க அவளும் சிரித்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, நீளமாக ஒரே ஒரு விசில் கொடுத்தாள்.

பஸ் நின்றது.