மூன்றாம் வகுப்பும் நெப்போலியனும்

"பொய்! பச்சைப் பொய்! எல்லாரும் உட்காருங்க!"

மங்கையர்க்கரசி டீச்சர் பிரம்பால் மேஜையைத் தட்டினாள். ஜவுளிக்கடைக்காரர் மகள் ஒருத்தியைத் தவிர, மூன்றாம் வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றுகொண்டிருந்தது. உட்கார ஒருத்தருக்கும் மனசில்லை.

டீச்சர் கேட்டதென்னவோ சின்னக் கேள்விதான்.

அவள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புதுசு. போன மாசம் மனுஷன் நிலாவில் கால் வைத்தாலும் வைத்தான், இந்தக் காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்குப் பொது அறிவை ஊட்டியே தீருவதென்று கங்கணம் கட்டிக்கொண்டாள். தினமும் கரும்பலகையில் 'இந்த நாளில்' என்று தலைப்புப் போட்டு எழுதுவாள். சுதந்திர தின விழாவில் அதையே மேடையில் வாசிப்பதாக ஏற்பாடு.

"ஆகஸ்ட் பதினஞ்சு. நமக்குச் சுதந்திரம் கிடைச்ச நாள். நெப்போலியன் பிறந்து அன்னிக்கோட இருநூறு வருஷம் ஆகுது. அரவிந்தர் பிறந்ததும் அன்னிக்குத்தான். நம்ம வகுப்பில் யாராவது அன்னிக்குப் பிறந்திருந்தா எழுந்திருங்க. மேடையில் உங்க பேரையும் சேர்த்து வாசிப்பேன்."

இதுதான் கேள்வி. அதற்குத்தான் மொத்த வகுப்பும் எழுந்துவிட்டது.

"நெசமாத்தான் டீச்சர்," என்றாள் முன்வரிசை அம்சா. "ஸ்கூல்ல சேக்கும்போது பெரிய சாரே எழுதினாரு. எம்பேரையும் வாசிப்பீங்கல்ல?"

டீச்சர் விடுவிடுவென்று தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். பரசுராமன் சார் மூக்குப்பொடியோடு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

"சார், ஒரு வகுப்பு முழுக்க ஒரே தேதியில பிறக்குமா?"

"அதெப்படிம்மா பொறக்கும்? நாந்தான் எழுதினேன். நாலாம் வகுப்பும் அப்படித்தான்."

"வருஷத்துல வேற நாளே கிடைக்கலையா உங்களுக்கு?"

"யோசிக்கச் சோம்பேறித்தனம்னு வெச்சுக்குங்களேன்," என்று பொடியை உறிஞ்சினார்.

இவரெல்லாம் ஒரு தலைமையாசிரியர்! டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வகுப்புக்குத் திரும்பி, "உண்மையிலேயே எப்போ பிறந்தீங்கன்னு வீட்டில் கேட்டுட்டு வாங்க," என்று உத்தரவு போட்டாள்.

மறுநாள் கேட்டுக்கொண்டு வந்தார்கள், பாவம்.

"எங்க மாடு செவலைக் கன்னு போட்டுச்சே, அதுக்கு மறுநாளு டீச்சர்," என்றான் தர்மன்.

"நான் தேதி கேட்டேன்டா!"

"மாட்டுக்குத் தேதி தெரியாது டீச்சர்."

அடுத்து முருகேசன். "எங்க நைனா தறியில மாம்பழக் கலர் சேலை நெய்ஞ்சுக்கினு இருந்தாராம். அரக்கு பார்டரு. முந்தானைக்கு வரச்சொல்ல நான் பொறந்துட்டேனாம்."

"அது எந்த மாசம்?"

"அது தெர்லயாம். அந்தச் சேலை கல்கத்தாவுக்குப் போயிடுச்சாம் டீச்சர்."

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள். அம்சா எழுந்தாள்.

"கருட சேவை அன்னிக்கு டீச்சர். கூட்டத்துல நிக்கச்சொல்ல எங்கம்மாவுக்கு வலி எடுத்துச்சாம்."

அப்படி வா வழிக்கு! டீச்சர் பழைய பஞ்சாங்கம் வரவழைத்து, விரல்விட்டு எண்ணி, கண்டேபிடித்துவிட்டாள்.

"அம்சா, நீ பிறந்தது மே மாசக் கடைசி! அதனால நாளைக்கு உன் பேரை வாசிக்க முடியாது. மத்தவங்களுக்கும் ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சுடறேன்."

சபாஷ் என்று தன்னையே மெச்சிக்கொள்ளப் போனாள். அதற்குள் அம்சா கோவென்று அழுதாள். மொத்த வகுப்பும் கூடச் சேர்ந்துகொண்டது. ஜவுளிக்கடைக்காரர் மகளும் எதற்கென்று தெரியாமலே துணைக்கு அழுதாள்.

சாயங்காலம் அம்சாவின் அம்மா கங்கையம்மாள் வந்து நின்றாள். செவிலிமேட்டில் நாற்று நட்டுவிட்டு, காலில் சேறு காயாமல் நேரே வந்திருந்தாள்.

"ஏம்மா டீச்சரம்மா, எம்பொண்ணு பொறந்தநாளை என்னாத்துக்குப் புடுங்கினீங்க?"

"புடுங்கலைம்மா. சரியான நாளைக் கண்டுபிடிச்சுக் குடுத்திருக்கேன்."

"பெத்தவளுக்குத் தெரியாதா சரியான நாளு? பெரிய சாருக்கும் தெரியும். அவராண்டயும் கருட சேவைன்னுதானே சொன்னேன்."

"தெரிஞ்சுமா மாத்தி எழுதினார்?"

"அவரு என்னைக் கேட்டாரும்மா. 'கங்கையம்மா, கடைக்காரங்க வூட்டுப் பிள்ளைங்க பொறந்தநாளுக்குக் கிளாஸ் பூரா சாக்லேட் குடுக்குங்க. உம்பொண்ணு வந்து கேட்டா என்னா பண்ணுவே?'ன்னாரு. நான் என்னாத்தைச் சொல்றது?"

கங்கையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பத்தான் அந்தத் தேதியை எழுதினாரு. 'கவலைய விடு. அன்னிக்கு முனிசிபாலிட்டியே மிட்டாய் குடுக்கும், கொடி ஏத்தும், பேண்டு வாசிக்கும். உம்பொண்ணு பொறந்தநாளைக் கொண்டாடாம இந்த ஊர்ல ஒருத்தனும் தப்ப முடியாது'ன்னாரு. லீவு நாளு, மே மாசத்துல எம்பொண்ணுக்கு யாரும்மா மிட்டாய் குடுப்பாங்க?"

டீச்சருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் மேடையில் நெப்போலியன், அரவிந்தர், அடுத்தபடியாக 'செல்வி அம்சா' என்று வாசித்தாள். அப்புறம் தர்மன், முருகேசன் என்று வகுப்பையே மூச்சு விடாமல் வாசித்தாள். அம்சா இரண்டு கன்னத்திலும் மிட்டாயை அதக்கிக்கொண்டு கை தட்டினாள்.

அடுத்த வாரம், பையனைப் பள்ளியில் சேர்க்க ஒருத்தி வந்தாள்.

"எப்போம்மா பிறந்தான்?" என்று டீச்சர் கேட்டாள்.

"தை மாசங்க. பொங்கலுக்கு மறுநாளு, விடியக்காலையில..."

"இல்லைம்மா, ஆகஸ்ட் பதினஞ்சு," என்றாள் டீச்சர், பேனாவைத் திறந்துகொண்டே. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."