ரெண்டு கிலோ திராட்சை

"பையனுக்குக் கைக்கு மாசம் எம்புட்டு வருது?"

குடித்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைப்பதற்குள் கேட்டுவிட்டார் சுருளியாண்டி. முன்பின் தெரியாத வீடு. அதற்கென்ன? பதினாலு லட்சம் சமாச்சாரத்தில் கூச்சம் பார்த்தால் கட்டுப்படியாகாது.

இளைய மகள் சினேகா, ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில்தான் இன்ஜினியரிங் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நாலு வருஷத்துக்குப் பதினாலு லட்சம். கம்பத்தில் இருக்கிற ஒரே ஏக்கர் திராட்சைத் தோட்டத்தை அடமானம் வைத்தால்தான் ஆகும்.

அந்தப் பல்கலைக்கழகம் கொடுத்த விளம்பரப் புத்தகத்தில், கோட்டு மாட்டிக்கொண்டு பல்லைக் காட்டி நின்ற பழைய மாணவர்களில் ஒருவன் தேவதானப்பட்டி விஜயபாண்டி. 'ஆண்டுச் சம்பளம் எட்டு லட்சம்' என்று கீழே போட்டிருந்தது.

புது நாற்று வாங்குமுன், அது காய்த்த தோட்டத்தை நேரில் போய்ப் பார்த்துவிடுவார் சுருளியாண்டி. படிப்புக்கும் அதே வழிதான். வெள்ளை வேட்டி சட்டையோடு தேவதானப்பட்டிக்குப் பஸ் ஏறினார். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று தோட்டத்துத் திராட்சை ரெண்டு கிலோ.

வந்த காரணத்தை மட்டும் சொல்லவில்லை. காரணம் தெரிந்தால் உண்மை வராது என்பது, மூத்த மகளுக்கு மூணு வருஷமாக மாப்பிள்ளை தேடியதில் கற்ற பாடம். சம்பளத்தில் பொய் சொன்ன ரெண்டு இடத்தை வாசலில் வைத்தே நார்நாராகக் கிழித்துவிட்டு வந்த மனுஷன்.

பையனின் அம்மா பஞ்சம்மாள் வேட்டியைப் பார்த்தாள். திராட்சையைப் பார்த்தாள். முகமெல்லாம் பல்லாகிவிட்டது. பழத்தைத் தட்டில் அடுக்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"எழுபத்தஞ்சாயிரம்ண்ணே!"

"வேலை நெலையானதா?"

"கம்பெனியே அவனை நம்பித்தான்ண்ணே ஓடுது."

"ஹாஸ்டல்ல இருந்த பிள்ளை. பழக்கவழக்கம் எப்படி?"

"டீகூடத் தொடமாட்டான்."

லீவுக்கு ஊருக்கு வந்து, அறை வாசலில் டீ டம்ளரோடு நின்ற விஜயபாண்டிக்குப் புரையேறியது.

"அண்ணனுக்குக் குலசாமி எங்கன?"

சொன்னார். சம்பளத்துக்கும் குலசாமிக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. புத்தகத்தில் போட்டதைவிடக் கூடவே வருகிறதே என்று மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பத்தொன்பது மாசத்தில் பதினாலு லட்சமும் திரும்பிவிடும்! திராட்சைக் கொடியே காய்ப்புக்கு வர அத்தனை நாள் ஆகுமே. தோட்டத்தை அடமானம் வைத்துவிடுவது என்று முடிவு கட்டி, பஞ்சம்மாள் வைத்த கேசரியை ரெண்டாந்தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பைக்கில் வந்து இறங்கினான் விஜயபாண்டி.

"அய்யா, அம்மா சொன்னது பொய். எனக்கு இருபத்திரண்டாயிரந்தான் சம்பளம். அதுலயும் பதிமூணாயிரம் மெட்ராஸ்ல ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் போயிரும்."

"இதச் சொல்லவா வண்டியெடுத்து வந்த?"

"பொய் சொல்லிப் பொண்ணு கட்டுனா எம்புட்டு நாள் தாங்கும்? சம்பளத் தேதி வந்துருமேய்யா. நீங்க வேற எடம் பாத்துக்கங்க."

பொண்ணா? வெள்ளை வேட்டி, திராட்சை, குலசாமி எல்லாம் அப்போதுதான் சுருளியாண்டிக்கு ஒன்றாக விளங்கின. பையிலிருந்த விளம்பரப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார்.

"நான் வந்தது இதுக்குப்பா. எளைய மக இங்கன சேரணுங்கிறா. எட்டு லட்சம்னு போட்ருக்காகளே?"

விஜயபாண்டி தன் படத்தையே வெறித்துப் பார்த்தான்.

"போட்டோவுக்கு வாடான்னாக, போனேன். கோட்டும் அவுகளோடது, எட்டு லட்சமும் அவுகளோடது. தங்கச்சிக்குக் கவுன்சிலிங்ல அரசு காலேஜ் கெடைக்குமா?"

"கெடைக்குமாம். ஃப்ரெண்டு இங்கன சேர்றாளாம், அதான் அழுகுறா."

"அழுதாலும் அரசு காலேஜுலயே சேத்துவிடுங்க. ஆபீசுல எனக்குப் பக்கத்து சீட்டுல, இதே சம்பளத்துக்கு அரசு காலேஜுல படிச்சவன் இருக்கான்."

சுருளியாண்டி செல்போனில் கணக்குப் போட்டார். மிச்சம் மாசம் ஒன்பதாயிரம். பதினாலு லட்சம் திரும்பி வரப் பதிமூணு வருஷம். வட்டி தனி. நல்லவேளை, தோட்டம் தப்பியது.

பையன் வண்டியைக் கிளப்பினான்.

"தம்பி, அந்தத் திராட்சை சாமி படத்துக்கு முன்னாலயே இருக்கட்டும்னு அம்மாகிட்டச் சொல்லு."

அவன் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனான். சுருளியாண்டி மனைவிக்குப் போன் போட்டார்.

"சந்தனம், அந்தக் காலேஜு ஆகாது. ஆனா அதுல படிச்ச பையன் ஆவான். மூத்தவளுக்குக் கேப்பமா?"

"சம்பளம்?"

"இருபத்திரண்டாயிரந்தான். மறைக்காமச் சொல்லி, அவளுக்குச் சம்மதமான்னு கேளு."

"நல்லா விசாரிச்சீகளா? இவுகளும் பொய் சொல்லிறப் போறாக."

"பையனே பஸ் ஸ்டாப்பு வரைக்கும் தேடி வந்து நெசத்தச் சொல்லிட்டுப் போறான்."

சுருளியாண்டி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மூத்தவ பயோடேட்டாவுல வயச ரெண்டு கொறைச்சுப் போட்டம்ல? அத மொதல்ல திருத்து."