பின் சீற்றுத் தேவாரம்

சுன்னாகம் சந்தி தாண்டியதும் கார் இரண்டு தரம் இருமிவிட்டுத் தெருவோரத்தில் நின்றது. பின் சீற்றில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த அம்மா குணலட்சுமியின் நெற்றி, முன் சீற்றில் முட்டியது.

"என்ன தம்பி, வந்திட்டமோ?" என்று நெற்றியைத் தடவியபடி கேட்டார்.

காரை ஓட்டிவந்த மகன் வாகீசன் மணிக்கூட்டைப் பார்த்தான். கீரிமலைக்கு இன்னும் பாதி வழி கிடந்தது. அங்கே கோயிலடியில், ஐந்து மணிக்கு, உதயகலாவையும் தாயையும் 'தற்செயலாக'ச் சந்திப்பதென்று இரண்டு வீட்டாரும் பேசி வைத்திருந்தார்கள்.

பொம்பிளையின் படத்தைப் பார்த்த அன்றே அவன் விழுந்துவிட்டான். தொலைபேசியில் ஒரேயொரு தடவைதான் கதைத்திருக்கிறான். "நேரத்துக்கு வராத ஆக்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது" என்று அவள் அன்றே சொல்லிவிட்டாள்.

அந்த நேரத்தை வைத்து வீட்டில் ஒரு சண்டையே நடந்து முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு மட்டும் ராகுகாலம், அதற்குள் பொம்பிளை பார்க்கக் கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். ராகுவாவது கேதுவாவது என்று வாகீசன் நையாண்டி பண்ணினான்.

அதிசயமாக, அம்மா விட்டுக்கொடுத்தார். கார் கொண்டுவந்து தந்த தன் தம்பி பிரகலாதனோடு முற்றத்தில் கொஞ்ச நேரம் கதைத்தார். பிறகு மகன் தலை இழுத்துச் சீவி முடிக்கும் முன்பே சேலை மாற்றிக்கொண்டு வந்து, முன் சீற் வேண்டாமென்று பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

இப்போது பார்த்தால், வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்த கதை. திறப்பைத் திருப்பினால் எஞ்சின் சுற்றியது, பிடிக்க மறுத்தது. உதயகலாவுக்கு அழைத்தான். மணி போய்க்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. கோபம் தொடங்கிவிட்டது என்று நினைத்தான்.

ஆளனுப்பிக் கூப்பிட்ட மெக்கானிக் ஜெயசுதன் மத்தியான நித்திரை கலைந்த முகத்தோடு மோட்டார்சைக்கிளில் வந்து சேர்ந்தான். வாகீசனைத் திறப்பைப் போடச் சொல்லிவிட்டு, காரின் பின்பக்கம் காதை வைத்துக் கேட்டான்.

"பம்ப் சத்தமே இல்லை அண்ணை. திறப்புப் போட்டவுடனை அது இரைய வேணும். பெற்றோல் மேலை ஏறேல்லை, அதுதான் நிண்டது."

பியூஸைக் கழற்றிப் பார்த்தான். அதில் பிழை இல்லை. பம்ப் பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது, சீற்றைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும், அம்மா ஒருக்கா இறங்கினால் போதும் என்றான்.

"எனக்கு முழங்கால் நோ, மேனை. இறங்கினால் பிறகு ஏற ஏலாது" என்ற குணலட்சுமி கண்களை மூடிக்கொண்டு தேவாரம் படிக்கத் தொடங்கினார். வாகீசன் கெஞ்சிப் பார்த்தான். தேவாரத்தின் சத்தம்தான் கூடியது.

வேறு வழியில்லாமல் ஜெயசுதன் காருக்குக் கீழே படுத்தான். தூங்குகிற பம்ப் சிலவேளை தட்டினால் முழிக்குமாம். மரச் சுத்தியலால் பெற்றோல் தாங்கியில் அவன் தட்டுவதும், வாகீசன் திறப்பைத் திருப்புவதும், கார் கம்மென்று இருப்பதுமாக ஐந்து மணி போனது, ஐந்தரையும் போனது. ராகுவை நம்பாத வாகீசன், கார் ஸ்ராட் ஆனால் கீரிமலைச் சிவனுக்கு அருச்சனை செய்வதாக நேர்ந்துகொண்டான்.

பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் ஆறு மணிப் பூசைக்கு மணி அடித்தது. அம்மா தேவாரத்தை முடித்து, கண்ணைத் திறந்து, குனிந்து திரும்பவும் செருப்பைத் தேடினார். ஜெயசுதன் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

பம்ப் இரைந்தது. கார் ஒரே முறையில் ஸ்ராட் ஆனது.

"பாத்தியளோ என்ரை கைராசியை?" என்று கேட்டுக்கொண்டே கீழேயிருந்து வெளியே வந்த ஜெயசுதன், சுத்தியலைக் கொஞ்சாத குறைதான்.

வாகீசன் காரைப் பறக்கவிட்டான். கோயில் வாசலில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பார்த்துப் பார்த்துக் களைத்து அவள் போய்விட்டாள் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. பின்னால் தாய் பராசக்தி, முன்னால் உதயகலா. ஹெல்மெற்றைக் கழற்றியவளுக்கு அவனை நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"குறை நினையாதேங்கோ. ஸ்கூட்டித் திறப்பைக் காணேல்லை. வீடு முழுக்கக் கிளறினன், உங்கடை கோல்கூட எடுக்கேல்லை. ஆறு மணிக்குத்தான் அம்மா தன்ரை கைப்பைக்குள்ளை இருந்து கண்டெடுத்தவ."

வாகீசன் திரும்பிப் பார்த்தான். முழங்கால் நோக்காரி காரிலிருந்து எப்போதோ குதித்திறங்கி, பராசக்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் படியேறிக்கொண்டிருந்தார். இருவரும் சிரித்த சிரிப்பைப் பார்த்தால், பத்து வருடம் பழகிய சிநேகிதிகள் மாதிரி இருந்தது.

மகனின் பார்வை முதுகில் பட்டதோ என்னவோ, குணலட்சுமி மேல் படியில் நின்று திரும்பினார்.

"தம்பி, மாமாவிட்டைச் சொல்லு, கள்ளர் காரைக் கொண்டோடாமல் பின் சீற்றடியிலை ஒளிச்சுப் பூட்டின பம்ப் சுவிச்சு நல்லா வேலை செய்யுதெண்டு."