முள் நிற்கிற இடம்

ரைஹானத் எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்றாள்.

பார்வை சுவர்க் காலண்டரில் இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டாள். மூச்சு விட்டால் முள் ஆடும் என்று அவளுக்கு ஓர் எண்ணம்.

கணவர் ஹபீப் முகம்மது அவளுக்கு முன்னால் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்குக் குளிக்கப் போகுமுன் அவருக்கு இதுதான் வேலை.

மெஷினின் எண்கள் நிற்பவரைப் பார்த்தே இருக்கும். ஆனால் அவளுக்கு வயிற்றைத் தாண்டிக் கீழே எதுவும் தெரியாது. குனிந்தால் வயிறும் கூடவே குனிந்தது. அதனால் எதிரே உட்கார்ந்து தலைகீழாக வாசிப்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

பம்பாயில் ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகிறது.

சவூதியில், தம்மாமில் வேலை பார்த்த காலத்தில், அவருடைய அரபி முதலாளி பம்பாய்க்குப் போய் இதே ஆபரேஷனைச் செய்துகொண்டு பாதி ஆளாகத் திரும்பி வந்ததை அவர் கண்ணாலேயே பார்த்திருந்தார். வேலையை விட்டு மேலப்பாளையத்துக்கு வந்து கைலிக் கடை வைத்த பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை. ரைஹானத்துக்கு மூட்டு இரண்டும் வலுவிழந்து, நாற்காலியில் உட்கார்ந்து தொழத் தொடங்கிய மாதமே இருவரும் ரயில் ஏறிவிட்டார்கள்.

காகிதத்துக்கு ஸ்டேப்ளர் பின் அடிப்பது போல இரைப்பையின் குறுக்கே அடித்து, ஒரு முட்டை கொள்கிற அளவுக்குத் தடுத்துவிட்டார்கள்.

தெருவில் இது பெரிய அதிசயம். பக்கத்து வீட்டு மஹ்மூதா பீவி அவள் வயிற்றில் காதையே வைத்துப் பார்த்துவிட்டாள்.

"நடக்கும்போது உள்ள கிலுகிலுங்குதா புள்ள?"

அந்தக் கேள்விக்கு ரைஹானத் சிரித்தாள். ஆனால் இரவில் திரும்பிப் படுக்கும்போது, சத்தம் கேட்கிறதா என்று அவளும் காது கொடுத்துப் பார்த்தாள்.

வருடத்தில் நாற்பது கிலோ போய்விடும் என்று பம்பாய் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த நாற்பதோ அவ்வளவு சுலபமாகப் போவதாயில்லை. விடைபெற்று எழுந்த பிறகும் வாசலில் நின்று பேச்சை இழுக்கிற விருந்தாளி மாதிரி நின்றது. அரை இட்லியை அரை மணி நேரம் மென்றாள். கல்யாண வீட்டுப் பிரியாணியில் மூன்று வாய்க்கு மேல் போனால் நெஞ்சை அடைத்தது. அப்படியும் உடம்பு பையப் பையத்தான் இறங்கியது.

இறங்கியது எங்கே போயிற்று என்பது அவளுக்கு இன்னொரு யோசனை. வேர்வையாகவா, மூச்சாகவா? நூற்றி முப்பத்தெட்டில் ஏறி நின்றவள் அவள். ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிக் கொடுத்தால் கை சொல்லும். உடம்பிலிருந்து போன கிலோ யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போகிறது.

மூன்றாம் மாதம் முள் ஒரே இடத்தில் மூன்று வாரம் நின்றது. ரைஹானத் இரண்டு நாள் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை அடுப்படி வாசலில் மயங்கி விழுந்தாள். ஹபீப் முகம்மது அவளை மடியில் போட்டுக்கொண்டு தெருவே கேட்க அழுதார்.

அதன் பிறகு முள் ஒரு வெள்ளிக்கிழமையும் அவளை ஏமாற்றவில்லை. கால் கிலோ, அரை கிலோ, சில வாரம் ஒரு கிலோ. அவர் எண்ணைச் சொல்லி, காலண்டரில் அந்தத் தேதிக்குக் கீழே பென்சிலால் எழுதுவார். அவள் தெம்பாக இறங்கிப் போய்க் கஞ்சி குடிப்பாள்.

போன வாரம் நூற்றிப் பதினெட்டு.

இன்று அவருக்கு ஏனோ நேரம் எடுத்தது. அப்படி என்னதான் பார்க்கிறார் இவ்வளவு நேரம்?

ரைஹானத் காலண்டரிலிருந்து பார்வையை எடுத்துக் கீழே குனிந்தாள்.

முதலில் அவர் உச்சந்தலை தெரிந்தது. அதில் எட்டணா அகலத்துக்கு ஒரு வழுக்கை. இது எப்போது விழுந்தது? அதற்கும் இந்தப் பக்கம், சேலைக் கொசுவத்தின் ஓரமாக, வெள்ளையாக ஒரு வட்டம். அதில் சிவப்பு முள்.

நூற்றி இருபத்திரண்டு.

ஒரே வாரத்தில் நாலு கிலோ ஏறியிருக்கிறது. அவர் இதை எப்படிச் சொல்லப்போகிறார்?

"நூத்திப் பதினேழு," என்றார் ஹபீப் முகம்மது. "ஒரு கிலோ கொறஞ்சிருக்கு."

"சரியாப் பாருங்க மச்சான்."

"சரியாத்தான் பாக்குதேன். முள்ளு பதினேழுலதான் நிக்கி."

நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். முழங்காலில் கை ஊன்றி எழுந்து, பென்சிலோடு காலண்டரிடம் போனார்.

அவர் தோளுக்கு மேலாக அவள் அந்தப் பென்சில் எண்களைப் பார்த்தாள். வெள்ளிக்குக் கீழே வெள்ளியாக இறங்கிக்கொண்டே வந்திருந்தன. இதில் முள் சொன்னது எது, அவர் சொன்னது எது?

கோபம் வரும் என்று ஒரு கணம் காத்திருந்தாள். வரவில்லை. அவளுக்கு வேறொன்று தோன்றி, மறுபடியும் குனிந்து பார்த்தாள்.

"நூத்தி இருவத்திரெண்டுன்னு எழுதுங்க," என்றாள்.

பென்சில் நின்றது.

அவர் திரும்பாமலே கேட்டார்: "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியுதுல்லா மச்சான்." அவள் இன்னும் மெஷினைவிட்டு இறங்கவில்லை. "எங்கால் பெருவெரலும் தெரியுது."