ஊசியை நீதான் போடணும்

"இன்னைக்கு ஒரு நாள் அனிஷா வந்து போட்டுவிடட்டுமே மாமி. கேட்டுட்டேன், சரின்னுட்டா."

இன்சுலின் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பர்ஹானா கெஞ்சினாள்.

மாமியார் ரம்ஜான் பீவி நீட்டிய கையை மடக்கவே இல்லை.

"எவளும் வேணாம். நீதான் போடணும்."

"கை நடுங்குது மாமி."

"நடுங்கினா நடுங்கட்டும். வெரசாப் போடு, கோதுமை தோசை ஆறுது."

எதிர்வீட்டு அனிஷா தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். உதவிக்கென்று வந்தவள் வாசலில் நின்றே இதையெல்லாம் கேட்டுவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போனாள். மத்தியானத்துக்குள் பேகம்பூரில் அந்தத் தெருவுக்கே சேதி தெரிந்துவிட்டது.

"மேலுக்கு முடியாத மருமகளை வேலை வாங்கலேன்னா அந்தம்மாவுக்குச் சோறு எறங்காது போல."

பர்ஹானாவுக்கு மேலுக்கு முடியவில்லை என்பது வரைதான் தெருவுக்குத் தெரியும். மனசுக்கு முடியவில்லை என்பது வீட்டோடு. ஆறு மாதம் தலைகூட வாராமல் சுவரையே பார்த்து உட்கார்ந்திருந்தவள் அவள். டாக்டர் சகாயசெல்வி கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதான் எழுந்து அடுப்படிக்கு வந்தாள், சிரித்தாள், மாமியோடு உப்புக்கும் புளிக்கும் சண்டை போட்டாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். அதோடு வந்தது வினை.

புருஷன் இஷாக்கு பிரியாணிக் கடை வேலைக்கு விடியுமுன்னே கிளம்பிவிடுவான். அவன் போனதும் செத்த நேரம் கண் அசருவாள். அப்போது வரும் அந்தக் கனவு. மாமிக்கு ஊசி போடுகிறாள், போட்டுக்கொண்டே இருக்கிறாள், மாமி செத்துப்போகிறாள்.

கனவு கனவோடு போனால் பரவாயில்லை. காலையில் பேனாவின் குமிழைத் திருகி மருந்தின் அளவைப் பதினெட்டில் நிறுத்தும்போது, இன்னும் கொஞ்சம் திருகினால் என்ன என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்து நிற்கும். மாமி என்றால் அவளுக்கு உயிர். அந்த நினைப்பு வந்ததுமே உடம்பெல்லாம் வேர்த்துவிடும். அளவை நாலு தடவை சரிபார்த்து, பிஸ்மி சொல்லித்தான் போடுவாள்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தாள்.

"மாமி, கெட்ட கெட்ட கனவா வருது..."

"மூச்சு விடாத. கெட்ட கனவைக் கண்டவ வெளிய சொல்லக்கூடாது. எடப்பக்கமா மூணு தரம் துப்பிட்டுப் பொரண்டு படு. போ, வேலையப் பாரு."

துப்பிப் பார்த்தாள். புரண்டும் படுத்தாள். கனவு ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

வேறு யாரிடம் சொல்வது? சொன்னால் பலித்துவிடுமோ என்று ஒரு பயம். மாமியாரைக் கொல்லப் பார்த்தவள் என்று அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று இன்னொரு பயம். கடைசியில் மாத்திரையை நிறுத்திவிடுவது என்று முடிவு கட்டினாள். பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தாலும் சரி, மாமி நல்லாயிருக்கட்டும்.

டாக்டரிடம் போக இன்னும் பத்து நாள் இருந்தது. மாமிக்கு என்ன தோன்றியதோ, மறுநாள் சாயங்காலமே புர்காவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"கெளம்பு, போயிட்டு வந்துருவோம்."

டாக்டர் எப்போதும் போலக் கேட்டார்.

"தூக்கம் எப்படி இருக்கு பர்ஹானா?"

"நல்லா தூங்குறேன் டாக்டர்."

"கனவு ஏதாவது வருதா?"

"இல்லைங்க."

"பொய் சொல்றா" என்றாள் ரம்ஜான் பீவி.

பர்ஹானாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"தெனம் விடியக்காலம் கனவு காணுறா டாக்டரம்மா. கனவுல ஊசியப் போட்டு என்னையக் கொல்றா. இன்னையோட பதினேழு நாளாச்சு. ஐயோ ஊசியப் போட்டு மாமியக் கொன்னுட்டேனேன்னு இவ அலறுறது பக்கத்து ரூம்ல படுத்திருக்கிற எனக்குக் கேக்காதா?"

"மாமி, கெட்ட கனவைச் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே..."

"கண்டவதானே சொல்லக்கூடாது? நான் கேட்டவ. கேட்டவ சொல்லப்படாதுன்னு எங்கயும் இல்ல."

பர்ஹானா உடைந்து அழுதாள். கனவு, குறுக்கே வரும் நினைப்பு, அனிஷாவைக் கூப்பிட்டது, மாத்திரையை நிறுத்த நினைத்தது என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"இந்த மாத்திரை சில பேருக்கு இப்படிப் பண்ணும்மா. கனவும் வரும், வேண்டாத நினைப்பும் வரும். அது உங்க ஆசை இல்ல. ஆசையா இருந்தா இம்புட்டு பயப்படுவீங்களா? நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க. நான் வேற மாத்தித் தர்றேன். இனிமே இப்படி ஏதாவதுன்னா அன்னைக்கே எனக்குப் போன் பண்ணணும்."

சீட்டு எழுத ஆரம்பித்தவர் பாதியில் நிமிர்ந்து ரம்ஜான் பீவியைப் பார்த்தார்.

"ஏம்மா, எல்லாம் தெரிஞ்சும் இத்தனை நாளா இவங்க கையாலதான் ஊசி போட்டுக்கிட்டீங்களா? எதிர்வீட்டுலயே நர்ஸ் இருக்காங்க. உங்களுக்குப் பயமா இல்லையா?"

ரம்ஜான் பீவி மருமகளின் முக்காட்டைச் சரிசெய்துவிட்டாள்.

"ஒரு நா ரெண்டு நா பயமாத்தான் இருந்துச்சு. ஆனா நான் கையை இழுத்துக்கிட்டா, அந்தக் கனவு நெசம்னு நானே இந்தப் புள்ளைக்குச் சொன்ன மாதிரி ஆயிரும்ல?"