ஏரியில் கேட்ட பெயர்

விடுமுறைக்கு மலையூருக்கு வந்த செண்பகவல்லி மகள் சங்கரியோடு ஒரு படகில் ஏற, கணவரும் சின்னவனும் இன்னொன்றில் ஏறினார்கள். யார் முதலில் அக்கரை சேர்வதென்று போட்டி. நடு ஏரியில் போய்க்கொண்டிருக்கும்போது மூடுபனி இறங்கி, பக்கத்தில் வந்த படகையே மறைத்துவிட்டது. கணவருக்கு நீச்சல் தெரியாதே என்று அவள் பனிக்குள் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க!" என்று கத்தினாள்.

"என்னம்மா?" என்றது இடப்பக்கம் ஒரு குரல். "இங்கதான்டி இருக்கேன்" என்றது வலப்பக்கம் இன்னொன்று. பின்னாலிருந்து யாரோ, "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று பதறினார். ஏரியிலிருந்த கணவன்மாரெல்லாம் பதில் சொன்னார்கள், அவரைத் தவிர. சங்கரி "அப்பா!" என்று கூப்பிட்டதற்கும் அதே கதிதான்.

"பேரச் சொல்லிக் கூப்பிடும்மா. நானா கூப்பிட முடியும்?" என்று சங்கரி சிரித்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட மகளைத்தான் சொல்லச் சொல்வாள். படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு முதலில் முனகினாள். பிறகு தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஆவுடையப்பா! எங்க இருக்கீங்க? ஆவுடையப்பா!"

பனி விலகியது. கைக்கெட்டும் தூரத்தில், சின்னவனின் வாயைப் பொத்தியபடி முகமெல்லாம் பல்லாக அவர் உட்கார்ந்திருந்தார்.

"கேட்டுச்சா, இல்லையா?"

"கேட்டுச்சு. இன்னொரு தடவ கூப்பிடுவியான்னு பாத்தேன்."

ஏரித் தண்ணீரை இரு கையாலும் வாரி அவர் முகத்தில் அடித்தாள். அவர் அவசரமாகத் துடுப்புப் போட்டு விலகினார். அவள் விடவில்லை. ஏரி முழுக்கக் கேட்கும்படி பெயரைச் சொல்லிச் சொல்லியே துரத்தினாள்.